டாலஸ் பக்கம் வசந்தகாலப் புயல்: முன்னறிவிப்பை நாள்வாரியாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் பாதியில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரம் வரை டாலஸ், ஃபோர்ட் வொர்த் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி ஓயாமல் வரும்: "செவ்வாய்க்கிழமை பெரிய புயலாமே, நிஜமா?" உடனே ஒருவர் கைப்பேசிச் செயலியின் படத்தைப் போடுவார்: மேகம், மின்னல், 60 சதவீதம். இன்னொருவர் யூடியூபில் யாரோ சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய வரைபடத்தை அனுப்புவார். முதல் படம் மழை வருமா என்பதைச் சொல்லும். ஆலங்கட்டி விழுமா, கூரை தாங்குமா என்பதைச் சொல்லாது. இரண்டாவது, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளி நடப்பதற்கு ஏதோ ஒரு 'கணினி மாதிரி' (வானிலையைக் கணிக்கும் நிரல்) போட்ட கணக்கு. ஆறு மணி நேரம் கழித்து அந்த நிரலே வேறு கதை சொல்லும்.

நம் ஊர்ப் புயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வங்கக் கடலில் உருவாவது ஒரே ஒரு உருவம். தாழ்வு மண்டலம் ஆகும், புயல் ஆகும், பெயர் வைப்பார்கள், எங்கே கரையைக் கடக்கும் என்று நாலைந்து நாள் பின்தொடரலாம். 2016 டிசம்பரில் வர்தா சென்னைக்கு வந்தது அப்படித்தான். டெக்சாஸில் வருவது ஒரு பெரிய காற்றழுத்த அமைப்பு; அதற்குள் ஏராளமான இடிமழைத் திரள்கள் தனித்தனியாகக் கிளம்பி, சில மணி நேரம் வாழ்ந்து அடங்கும். ஒன்றின் அகலம் பத்துப் பதினைந்து மைல்தான். ஃபிரிஸ்கோவில் காரின் கண்ணாடி நொறுங்கும். இர்விங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

அதனால் ஒரு வாரம் முன்னால் தெரிவது நாள். இரண்டு நாள் முன்னால் தெரிவது வட்டாரம். அன்று மதியம் தெரிவது நேரம். உங்கள் தெரு தெரிவது அரை மணி நேரத்துக்கு முன்னால்தான், சில சமயம் பத்தே நிமிடம். ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே பார்ப்பது, என்ன முடிவு எடுப்பது என்பதுதான் கீழே.

முதலில்: இது ஏன் இங்கே வருகிறது

நாலு விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று கொண்டுவரும் ஈரம். மேலே ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் ராக்கி மலைகளைத் தாண்டி வரும் குளிர்ந்த, வேகமான காற்று. தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்று திசையும் வேகமும் மாறுவது; இடிமேகத்தைச் சுழல வைப்பது இதுதான். கடைசியாக, எல்லாவற்றையும் கிளப்பிவிட ஒரு தூண்டுகோல்: குளிர்க்காற்று முகப்பு, அல்லது மேற்கு டெக்சாஸில் வறண்ட காற்றும் ஈரக்காற்றும் முட்டிக்கொள்ளும் 'டிரைலைன்'.

ஈரத்தை அளக்க டியூ பாயின்ட்டை, அதாவது காற்றில் உள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பாருங்கள். ஈரப்பத சதவீதம் வேண்டாம், அது வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கி ஏமாற்றும். இங்கே டியூ பாயின்ட் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கவனிக்க ஆரம்பிக்கலாம். 65க்கு மேல் போனால் தாராளமான எரிபொருள். காலையில் வீட்டை விட்டு வெளியே வந்ததும் சட்டை முதுகில் ஒட்டுகிறது என்றால் அதுதான். சென்னைக்காரருக்கு அது தினசரி வாழ்க்கை என்பதால் பெரிதாகப் படாது. ஏப்ரல் மாத டெக்சாஸில் அது ஒரு சேதி.

இதோடு 'கேப்' என்ற ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோவின் உயர்ந்த பீடபூமியிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று, ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மூடியாக உட்கார்ந்துகொள்கிறது. கீழே எவ்வளவு சூடும் ஈரமும் சேர்ந்தாலும் மேலே போக விடாது. மூடி நாள் முழுக்கத் தாங்கினால் ஒன்றுமே நடக்காது. ஊர் முழுக்க "சும்மா பயமுறுத்தினார்கள்" என்று பேசும். மாலை நாலு மணிக்கு ஒரு இடத்தில் உடைந்தால், அங்கே அரை மணி நேரத்தில் மேகம் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிவிடும். வட டெக்சாஸ் முன்னறிவிப்பில் பாதித் தகராறு இந்த மூடி உடையுமா என்பதில்தான்.

நாலு முதல் எட்டு நாள் முன்னால்

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் தேசிய வானிலைச் சேவையின் புயல் முன்னறிவிப்பு மையம் இருக்கிறது. எல்லாரும் எஸ்.பி.சி. என்பார்கள். அமெரிக்கா முழுமைக்கும் கடும் இடிமழை 'அவுட்லுக்', அதாவது முன்னோட்ட வரைபடம், போடுவது இவர்கள். நாலாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரைக்கான வரைபடம் தினமும் விடிவதற்கு முன்பே வந்துவிடும். அதில் இரண்டே நிலைகள்: 15 சதவீதம், 30 சதவீதம். ஐந்து நாளைக்கு முன்னாலேயே 30 போட்டிருக்கிறார்கள் என்றால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எளிதில் போட மாட்டார்கள்.

வரைபடத்தில் வண்ணமே இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று எழுதியிருக்கும். வாய்ப்புக் குறைவு என்பது ஒன்று. கணிக்கும் அளவுக்குத் தெளிவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று குழுவில் போட்டுவிடாதீர்கள். புயல் வரலாம், ஆனால் மாதிரிகள் நாளிலோ இடத்திலோ ஒத்துப்போகவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவு மிகச் சிறியது. அந்த நாளில் திறந்தவெளி நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா? சித்திரைத் திருநாள் விழாக்கள் சரியாகப் புயல் பருவத்தின் நடுவில் வருகின்றன. பூங்காவில் பந்தல் போட்டிருந்தால், மாற்று இடமாக ஒரு அரங்கத்தை விசாரித்து வைப்பது அன்றைய வேலை. ரத்துசெய்ய வேண்டிய அவசரம் இல்லை.

மூன்று நாள், இரண்டு நாள்: நிறங்களும் சதவீதங்களும்

மூன்றாம் நாள் அவுட்லுக்கிலிருந்து படிநிலைகள் வரும்; மொத்தம் ஐந்து. கரும்பச்சை என்றால் மார்ஜினல், மஞ்சள் ஸ்லைட், ஆரஞ்சு என்ஹான்ஸ்ட், சிவப்பு மாடரேட், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) ஹை. 2014 அக்டோபரிலிருந்து இந்த ஐந்தும் நடைமுறையில் இருக்கின்றன. வெளிர்பச்சை என்பது சாதாரண இடிமழை மட்டும்.

பெயர்கள்தான் குழப்பம். ஸ்லைட் என்று படித்ததும் அலட்சியம் வந்துவிடுகிறது. மாடரேட் நடுத்தரம்போலத் தெரிகிறது. உண்மையில் மாடரேட் என்பது ஐந்தில் நாலாவது. சில தொலைக்காட்சிகள் பெயரை விட்டுவிட்டு 'ஐந்தில் இரண்டு', 'ஐந்தில் மூன்று' என்றே சொல்கின்றன. நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். பெரியவர்களுக்கு உடனே புரியும்.

நிறத்தோடு நின்றுவிடாமல் அடுத்த சுட்டிக்குப் போங்கள். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் டொர்னேடோ (மேகத்திலிருந்து தரையைத் தொடும் சுழற்காற்று), காற்று, ஆலங்கட்டி என்று மூன்று தனி வரைபடங்கள் இருக்கின்றன. எந்த ஆபத்துக்காக அந்த நிறம் வந்தது என்பது அங்கேதான் தெரியும். ஆலங்கட்டிக்காக ஆரஞ்சு என்றால் நம் கவலை கார், கூரை, வெளியே இருக்கும் ஆட்கள். காற்றுக்காக ஆரஞ்சு என்றால் மின்வெட்டு, முறியும் மரம். டொர்னேடோவுக்காக ஆரஞ்சு என்றால் அன்றைய மாலைத் திட்டத்தையே மாற்றலாம்.

டொர்னேடோ வரைபடத்தில் 5 சதவீதம் என்று இருக்கும். "வெறும் அஞ்சா?" என்று கேட்காதவர் இல்லை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு டொர்னேடோ தொடுவதற்கான வாய்ப்பு அது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இந்த எண் ஒன்றைக்கூடத் தொடாது. அந்தக் கணக்கில் 5 என்பது பல மடங்கு. அதனால்தான் 5 வந்தாலே அந்தப் பகுதி மஞ்சள் ஆகிறது, 10 வந்தால் ஆரஞ்சு. மழைச் சதவீதத்தோடு இதை ஒப்பிடவே கூடாது, இரண்டும் வேறு வேறு கணக்கு. நிறத்தின் மேல் சாய்கோடு போட்டிருந்தால், வருவது பெரிதாக இருக்கக்கூடும் என்று அர்த்தம். கோடு போட்ட 10 சதவீதத்தையும் கோடில்லாத 10 சதவீதத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

இரண்டு நாள் முன்னால் செய்ய வேண்டியவை: காரை உள்ளே விடுவதற்குக் கராஜில் இருக்கும் அட்டைப்பெட்டிகளை ஒதுக்குவது, வீட்டுக் காப்பீட்டில் ஆலங்கட்டிக்கு நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று பார்ப்பது. டெக்சாஸில் அது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்று எழுதப்பட்டிருக்கும். 4,00,000 டாலர் மதிப்புக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர். காருக்கு 'காம்ப்ரிஹென்சிவ்' எடுத்திருந்தால் மட்டுமே ஆலங்கட்டிச் சேதத்துக்குப் பணம் வரும்.

உள்ளூர் அலுவலகம் எழுதுவதைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய வானிலைச் சேவையின் ஃபோர்ட் வொர்த் அலுவலகம் வட, மத்திய டெக்சாஸின் 46 கவுண்ட்டிகளை (நம் மாவட்டம் போன்றவை) பார்த்துக்கொள்கிறது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் 'ஏரியா ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' என்று ஒரு நெடிய உரை இருக்கும். விடியற்காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, நிலைமை மாறினால் இடையிலும் வரும். பணியில் இருக்கும் வானிலையாளர் தன் சக வானிலையாளருக்கு எழுதுவதுபோல எழுதுவது. படமோ நிறமோ இருக்காது. ஆனால் செயலிக்குப் பின்னால் மறைந்துபோகும் தயக்கமும் நம்பிக்கையும் அங்கே வெளிப்படையாக இருக்கும்.

அதில் தேட வேண்டியவை சில. 'கண்டிஷனல்' என்று வந்தால், மூடி உடைந்தால்தான் ஆபத்து, உடைந்தால் பெரிய ஆபத்து என்று பொருள். 'டிஸ்கிரீட்' என்றால் திரள்கள் தனித்தனியாக நிற்கும்; பெரிய ஆலங்கட்டியும் வலுவான டொர்னேடோவும் இந்த வகையில்தான் அதிகம். 'லைன்' அல்லது 'ஸ்குவால் லைன்' என்றால் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரிசையாக வரும். நேர்கோட்டுக் காற்று முதல் கவலை, குட்டி டொர்னேடோக்கள் அடுத்தது. 'கான்ஃபிடென்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: லோவா, மீடியமா, ஹையா? அப்புறம் ஊர்களின் பெயர்: 'இன்டர்ஸ்டேட் 35க்கு மேற்கே', 'யு.எஸ். 380க்கு வடக்கே' என்று சாலைகளை வைத்தே எல்லை சொல்வார்கள்.

நேரம் 'இசட்' எழுத்தோடு வரும், 18இசட், 00இசட் என்று; அது உலகப் பொது நேரம். கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது ஐந்து மணி நேரத்தைக் கழித்தால் டாலஸ் நேரம். 18இசட் என்றால் பகல் ஒரு மணி. 00இசட் என்றால் மாலை ஏழு.

ஓர் உரையை மட்டும் படிப்பதைவிட, முந்தைய உரையோடு ஒப்பிடுவது இன்னும் பலன் தரும். நேற்று "மாலை ஐந்து மணிக்குப் பின்" என்றது இன்று "பகல் இரண்டுக்குப் பின்" என்று நகர்ந்திருந்தால், பள்ளி விடும் நேரத்தோடு மோதும். அந்த நகர்வுதான் சேதி.

அன்று காலை

எட்டு மணிக்கு எஸ்.பி.சி.யின் புதிய முதல் நாள் அவுட்லுக் வரும். அப்புறம் பதினொன்றரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. விடிவதற்கு முன் ஒரு மணிக்கு வந்ததோடு சேர்த்து நாளுக்கு ஐந்து. பதினொன்றரை மணி அவுட்லுக்கை விட்டுவிடாதீர்கள். காலை ஏழு மணிக்கு ஃபோர்ட் வொர்த் உட்படப் பல ஊர்களில் பறக்கவிடும் பலூன்கள் மேலே இருக்கும் காற்றை அளந்துகொண்டு வரும். அந்த அளவுகளையெல்லாம் நிதானமாக உட்கார்ந்து பார்த்து எழுதப்பட்டது அது. கடுமையான நாட்களில் பகல் ஒரு மணிக்குக் கூடுதலாக ஒரு பலூன் விடுவதும் உண்டு.

காலையிலேயே மழை பெய்துகொண்டிருந்தால் என்ன செய்வது? இதற்கு இரண்டு முகம். காலை மழை நிலத்தைக் குளிர்வித்து, மேகம் மதியம் வரை கலையாமல் நின்றால், மாலைப் புயலுக்குத் தெம்பு குறையும். ஆனால் பத்து மணிக்கு மழை நின்று, பன்னிரண்டு மணிக்கு வெயில் பளீரென்று அடித்தால், விட்டுப்போன குளிர்காற்றின் விளிம்பே மாலையில் புதுத் தூண்டுகோல் ஆகிவிடும். சுழல் அதிகமாகக் கிடைப்பதும் அந்த விளிம்பில்தான். "அதான் காலையிலேயே பெய்துவிட்டதே" என்று நிம்மதி அடையும் வீடுகள் பல. நான் மதிய வெயிலைப் பார்க்காமல் நிம்மதி அடைவதில்லை.

புயல் மாலையில்தான் வரும் என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. 2024 மே 28 அன்று விடியற்காலை ஆறு மணி வாக்கில் டாலஸ் வட்டாரத்தைத் தாக்கிய காற்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. எனவே இரவுக்கும் ஏற்பாடு வேண்டும். கைப்பேசியில் அவசர எச்சரிக்கைகள் அணைந்திருக்கிறதா பாருங்கள். குழந்தை காணாமல்போன அறிவிப்பு நடு இரவில் அலறியதில் கோபப்பட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்தவர்கள் நிறையப் பேர். வானிலை வானொலிப் பெட்டி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வைப்பது இன்னும் நல்லது. டாலஸ் நிலையம் 162.400 மெகாஹெர்ட்ஸ், ஃபோர்ட் வொர்த் 162.550. உங்கள் கவுண்ட்டி எண்ணை மட்டும் போட்டுவிட்டால் மற்ற ஊர் எச்சரிக்கைக்குக் கத்தாது: டாலஸ் 048113, காலின் 048085, டென்டன் 048121, டாரன்ட் 048439.

கவுண்ட்டி என்றதும் ஒன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஃபிரிஸ்கோ தெரியும், கவுண்ட்டி தெரியாது. எச்சரிக்கையோ கவுண்ட்டிப் பெயரில்தான் ஓடும். பிளேனோவின் பெரும்பகுதி காலின் கவுண்ட்டி. ஃபிரிஸ்கோ காலினிலும் டென்டனிலும் பாதிப்பாதி. இர்விங் டாலஸ் கவுண்ட்டி. ஒரு தாளில் நம் கவுண்ட்டி பெயரையும், நமக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இருக்கும் கவுண்ட்டிகளின் பெயரையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். புயல் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது: வைஸ், பார்க்கர், ஹூட், ஜான்சன்.

மதியம்: வாட்ச் வருவதற்கு முன்னும் பின்னும்

ஒரு மணியிலிருந்து எஸ்.பி.சி. பக்கத்தில் 'மெசோஸ்கேல் டிஸ்கஷன்' வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு, அடுத்த சில மணி நேரத்தில் என்ன எதிர்பார்க்கிறோம், 'வாட்ச்' எனும் முன்னெச்சரிக்கை போடும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். 80 என்று இருந்தால் கிளம்ப வேண்டிய வேலைகளை அதற்குள் முடித்துவிடலாம். பெட்ரோல், பால், பிள்ளைகளை அழைத்து வருவது.

அடுத்து வாட்ச். பல கவுண்ட்டிகளைச் சேர்த்து ஆறேழு மணி நேரத்துக்குப் போடப்படுவது. சூழல் தயார், கவனமாக இருங்கள் என்பது அதன் பொருள். வார்னிங் என்பது வேறு. அதைப் போடுவது உள்ளூர் அலுவலகம், ஒரு குறிப்பிட்ட திரளுக்கு, வரைபடத்தில் சின்னப் பலகோணமாக. வாட்ச் வந்தால் திட்டம், வார்னிங் வந்தால் ஓட்டம்.

இந்த முறை முழுவதற்கும் பிள்ளையார்சுழி போட்ட கதை ஓக்லஹோமாவில் நடந்தது. 1948 மார்ச் 20 அன்று டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னேடோ தாக்கி விமானங்களை நாசமாக்கியது. அங்கிருந்த வானிலை அதிகாரிகள் ஃபாபுஷ், மில்லர் இருவரும் அன்றைய காற்று அமைப்பை அலசினார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, கிட்டத்தட்ட அதே அமைப்பு மறுபடி தெரிந்தது. துணிந்து டொர்னேடோ முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். அன்று மாலையே அதே தளத்தில் மறுபடி டொர்னேடோ. இன்று நார்மனில் உட்கார்ந்து வாட்ச் போடுகிறவர்கள், அவர்கள் அன்று செய்த அதே வேலையைத்தான் இன்னும் நுட்பமாகச் செய்கிறார்கள்.

வாட்ச் வந்ததும் வீட்டில் செய்ய வேண்டியது: கார் உள்ளே. அடுக்குமாடியில் இருப்பவர்கள் மூடிய பார்க்கிங் கிடைக்குமா என்று அப்போதே பாருங்கள்; கல் விழ ஆரம்பித்தபின் தேட முடியாது. எல்லாக் கைப்பேசிக்கும் சார்ஜ். காலில் போட மூடிய ஷூக்களைப் பதுங்கும் அறைக்குள் கொண்டு வையுங்கள், செருப்பு வேண்டாம். பிறகு வெளியே வரும்போது தரையெல்லாம் கண்ணாடியும் ஆணியுமாக இருக்கும். பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டும் அங்கேயே.

எந்த அறை? வட டெக்சாஸில் நிலவறை உள்ள வீடுகள் அபூர்வம். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத, ஜன்னல் இல்லாத அறை: மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம், குளியலறை, குளோசெட். பல தமிழ் வீடுகளில் பூஜை அறையாக மாறியிருக்கும் அந்தக் குளோசெட்தான் மிகப் பொருத்தமான இடமாகவும் இருக்கும். விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள், பித்தளைச் சாமான்களைத் தரையில் இறக்கி வையுங்கள். மாடியில் குடியிருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே பேசி வைப்பது நல்லது.

ரேடாரைப் பார்க்கும் விதம்

செயலியைத் திறந்ததும் முதலில் மூலையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். படம் ஐந்து நிமிடம் பழையது என்றால், மணிக்கு 40 மைல் வேகத்தில் வரும் திரள் அதற்குள் மூன்று மைலுக்கு மேல் நகர்ந்திருக்கும். "இன்னும் பக்கத்து ஊரில்தானே" என்று நினைக்கும்போது அது நம் தெருவில் இருக்கலாம்.

படத்தை ஓடவிட்டுத் திசையைப் பாருங்கள். பொதுவாகத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகும். ஆனால் சுழலும் பெரிய திரள், அதாவது சூப்பர்செல், கூட்டத்தை விட்டு வலப்பக்கம் திரும்பும்; கிழக்கே, சில சமயம் தென்கிழக்கே. எல்லாம் வடக்கே மெக்கின்னிப் பக்கம் போகிறது என்று நினைத்திருக்க, ஒன்று மட்டும் பிளேனோவை நோக்கி வரும். வேகம் குறைந்து வலது பக்கம் ஒதுங்கும் திரளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

அதன் தென்மேற்கு மூலையில் கொக்கிபோல ஒரு வளைவு தெரிந்தால் அங்கே சுழல் இருக்கக்கூடும். 'வெலாசிட்டி' படம் இருக்கும் செயலி என்றால் இன்னும் தெளிவு: பச்சை ரேடாரை நோக்கி வரும் காற்று, சிவப்பு விலகிப் போகும் காற்று. இரண்டும் பளிச்சென்று ஒட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் காற்று சுழல்கிறது. இதெல்லாம் ஆர்வத்துக்கு. ரேடாரை நீங்களே படித்து, வார்னிங்கைத் தள்ளிவைக்கும் அளவுக்குத் தைரியம் வர வேண்டாம்.

கண்ணால் பார்த்து முடிவெடுப்பதும் சரிவராது. பலத்த மழைக்குள் மறைந்து வரும் டொர்னேடோவைப் பார்க்க முடியாது. இரவில் எதையுமே பார்க்க முடியாது. வாசலில் நின்று கைப்பேசியில் படம் பிடிக்கும் நம் ஆட்களுக்கு இதை எத்தனை முறை சொல்வது!

வார்னிங் வந்துவிட்டது

கடும் இடிமழை வார்னிங்குக்கு அளவு இது: ஒரு அங்குல ஆலங்கட்டி அல்லது மணிக்கு 58 மைல் காற்று. கைப்பேசியை அலற வைக்க அது போதாது. காற்று 80 மைல் அல்லது கல் 2.75 அங்குலம், அதாவது பேஸ்பால் அளவு, என்றால்தான் அவசர எச்சரிக்கையாக ஒலிக்கும். டொர்னேடோ வார்னிங் எப்போதும் ஒலிக்கும். ஆக, கைப்பேசி அமைதியாக இருக்கிறது என்பதால் காரின் கண்ணாடி பிழைக்கும் என்று அர்த்தமில்லை. கோல்ஃப் பந்து அளவு, 1.75 அங்குலக் கல்லே முன்கண்ணாடியை உடைக்கும்.

டொர்னேடோ வார்னிங்கில் 'ரேடார் இண்டிகேட்டட்' (ரேடாரில் சுழல் தெரிகிறது) என்று இருக்கலாம், 'அப்சர்வ்ட்' (டொர்னேடோ இருப்பது உறுதி) என்று இருக்கலாம். முதலாவதற்கும் உள்ளே போங்கள். 'டொர்னேடோ எமர்ஜென்சி' என்ற சொல் வந்தால் உயிரைப் பறிக்கும் ஒன்று தரையில் இருக்கிறது, குடியிருப்பை நோக்கி வருகிறது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமா சிட்டி, மூர் பக்கம் வந்ததற்குத்தான் முதன்முதலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

ஊர்ச் சைரன் வெளியே இருப்பவர்களை உள்ளே அனுப்ப வைத்திருப்பது. கதவை மூடி ஏ.சி. போட்டுத் தூங்குகிறவரை எழுப்புவது அதன் வேலை இல்லை. பல நகரங்கள் பெரிய ஆலங்கட்டிக்கும் பலத்த காற்றுக்கும்கூட அதை ஒலிக்க விடும். மாதத்தின் முதல் புதன்கிழமை, வானம் தெளிவாக இருக்கும் நண்பகலில் டாலஸில் கேட்பது சோதனை ஒலி. புதிதாக வந்த அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு ஃபோன் வரும்.

காரில் ஏறித் தப்பிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 2.6 மைல் அகலத்துக்கு ஒரு டொர்னேடோ வந்தது. பயத்தில் பலர் ஒரே நேரத்தில் காரை எடுத்ததில் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. அந்த டொர்னேடோவில் இறந்தவர்கள் எல்லாரும் வாகனங்களில் இருந்தவர்கள். ஏற்கனவே சாலையில் மாட்டிக்கொண்டால் கடை, உணவகம், பெட்ரோல் நிலையம் என எதிலாவது உறுதியான கட்டிடத்துக்குள் நுழையுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் நிற்காதீர்கள்; காற்று அங்கே குறுகி இன்னும் வேகம் பிடிக்கும், நிற்கும் கார்களால் பின்னால் வருகிறவர்களுக்கும் வழி அடைபடும்.

திறந்தவெளிக் கூட்டங்களுக்குத்தான் மிகக் குறைந்த நேரம் கிடைக்கும். 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த்தின் மேஃபெஸ்ட் விழாவில் திரண்டிருந்தவர்கள்மேல் பெரிய ஆலங்கட்டிகள் விழுந்து பலர் காயமடைந்தார்கள். பூங்காவில் கிரிக்கெட் லீக் நடத்துகிறவர்கள், வாட்ச் வந்தாலே ஆட்டத்தை நிறுத்தும் விதியை வைத்துக்கொள்ளலாம். நாலு ஓவர்தான் மீதி என்று பார்க்க வேண்டாம். டொர்னேடோ நகரத்துக்குள் வராது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. 2000 மார்ச் 28 மாலை ஃபோர்ட் வொர்த்தின் நகர மையத்துக்குள்ளேயே வந்து உயரக் கட்டிடங்களின் கண்ணாடிகளைப் பெயர்த்தது.

கடந்து போன பிறகு

உடனே வெளியே வராதீர்கள். மேற்கே இன்னொரு திரள் இருக்கிறதா என்று ரேடாரைப் பாருங்கள், உங்கள் வார்னிங்கின் முடிவு நேரத்தைப் பாருங்கள். மாலையில் தனித்திரள் ஒன்று போனபின், இரவு பத்துக்கு மேல் குளிர்க்காற்று முகப்போடு ஒரு வரிசை வருவது இங்கே வழக்கம். இரவு எட்டு மணி அவுட்லுக் அதற்குத்தான்.

வெள்ளம் தனி ஆபத்து. ஒரே தடத்தில் திரள்கள் அடுத்தடுத்துப் போனால் ஓடைகள் சில நிமிடத்தில் சாலைக்கு ஏறும். ஒரு அடி ஓடும் தண்ணீர் சின்னக் காரைத் தள்ளிவிடும். இருட்டில் ஆழம் தெரியாது. திரும்பி வேறு வழியில் போங்கள்.

வெளிச்சம் வந்ததும் கூரை, வேலி, கார் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கல் கிடைத்தால் பக்கத்தில் ஒரு குவார்ட்டர் நாணயம் வைத்து எடுங்கள், அது ஏறக்குறைய ஒரு அங்குலம். விழுந்த இடம், நேரத்தோடு உள்ளூர் வானிலை அலுவலகத்துக்குத் தெரிவித்தால் அவர்கள் பதிவில் சேரும்.

மறுநாள் காலையே கூரைக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். மேலே ஏற விடுவதற்கு முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசுங்கள். "உங்கள் பங்குத் தொகையை நீங்கள் கட்ட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம். காப்பீட்டுப் பேரத்தை உங்கள் சார்பில் நாங்களே முடிக்கிறோம் என்று கூரை போடுகிறவர் சொல்வதற்கும் இங்கே அனுமதி இல்லை.